ஒரு பித்தளைக் கூடு குறையுது

துப்பாக்கியிலேருந்து குண்டு வெளிய போறதைப் பத்தித்தான் ஊரே பேசும். எங்க தொழில்ல பாதி நாள் கழியறது, குண்டு போனதுக்கு அப்பறம் உள்ளயே சம்மணம் போட்டு உக்காந்துக்கற பித்தளைக் கூட்டை வெளிய எடுக்கறதுலதான்.

நான் ஆர்மரர். போலீஸ்காரங்க துப்பாக்கியை ரிப்பேர் பார்க்கறவன். புதுச்சேரியில எந்தப் படை, எந்தக் கிடங்குன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். எங்க அத்தா முல்லா வீதியில பூட்டு ரிப்பேர் பார்த்தாரு, நான் துப்பாக்கிக்கு வந்துட்டேன். பேரு காதர். ஆனா பெரிய அதிகாரியிலேருந்து வாசல்ல நிக்கற காவலாளி வரைக்கும் எல்லாருக்கும் நான் 'பாய்'தான்.

விஷயம் புரியணும்னா ஒரு நிமிஷம் பொறுத்துக்குங்க. பிஸ்டல்ல ஒரு தடவை சுட்டா, மேல இருக்கற ஸ்லைடு சடார்னு பின்னால வரும். வரும்போது அதுல இருக்கற ஒரு சின்னக் கொக்கி, காலிக் கூட்டோட விளிம்பைப் பிடிச்சு இழுத்துகிட்டு வரும். வலது பக்கம் இருக்கற ஓட்டை வழியா கூடு வெளிய பறக்கும். அப்பறம் அடுத்த தோட்டா ஏறும். கூடு வெளிய போகலன்னா அடுத்தது ஏறாது. அப்ப உங்க கையில இருக்கறது ஒரு கிலோ இரும்பு, அவ்வளவுதான்.

அந்தக் காலிக் கூட்டுக்கு எங்க பாஷையில 'எம்டி'ன்னு பேரு. எத்தனை தோட்டா வாங்கினமோ அத்தனை எம்டியைத் திருப்பிக் குடுக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் விசாரணை. உங்க ஆபீசுலயும் ஒருத்தர் இருப்பாரு, தீந்துபோன பழைய ரீஃபிலைக் காட்டினாத்தான் புது ரீஃபில் தருவாரு. இருக்காரா? அப்ப நீங்களும் நம்ம கட்சிதான், உக்காருங்க.

சந்தனம்

ஆயுத பூசைக்கு எங்க கிடங்குல துப்பாக்கிக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வெப்பாங்க. வெக்கட்டும், நான் வேணாம்னு சொல்லல. பொரி கடலை எனக்கும்தான் வருது. ஆனா மேல ஒரு பொட்டு வெச்சா போதாதா? வாயில, காதுல, மூக்குலன்னு அப்பி விட்டுடுவாங்க. மறுநாள் உக்காந்து துடைக்கறது யாரு? இந்த பாய்தான்.

ஒரு வருஷம் ஒரு ஏட்டு தன்னோட பிஸ்டலைத் துடைக்கக் குடுக்காமலே எடுத்துகிட்டுப் போயிட்டாரு. ரெண்டு வாரம் கழிச்சு ரேஞ்சுல, அதாவது சுட்டுப் பழகற மைதானத்துல, ஒண்ணு சுட்டாரு. கூடு வரல. இழுக்கறாரு, தட்டறாரு, திட்டறாரு, ம்ஹூம். என் கிட்ட வந்துச்சு. குழாய் வழியா கம்பியை விட்டுத் தட்டி எடுத்துப் பார்த்தா, தோட்டா உக்கார்ற இடம் பூரா சந்தனம் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஒட்டிகிட்டு இருக்குது. கூடு அதுல இறுகிப் போச்சு, கொக்கி இழுத்து இழுத்து வழுக்கிடுச்சு. "ஏன்யா, நடு ரோட்டுல எவனாவது கத்தியோட வந்து நின்னா சந்தனத்தையா காட்டுவ?"ன்னு கத்திட்டேன். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுகிட்டு சொன்னாரு:

"சாமிக்கு வெச்சதை நான் தொடச்சா குத்தம் பாய். நீங்க தொடச்சா குத்தமில்ல, அதான் உங்களுக்குன்னு விட்டு வெச்சேன்."

வேலிகாத்தான் முள்ளுல மூணு மணி நேரம்

எங்க ரேஞ்சு ஊருக்கு வெளிய, செம்மண் மேட்டுல இருக்குது. ஒரு பக்கம் முந்திரித் தோப்பு, மத்த பக்கமெல்லாம் வேலிகாத்தான் முள்ளு. அன்னைக்கு முந்நூறு தோட்டா சுட்டாங்க. எண்ணினா இருநூத்துத் தொண்ணூத்தொம்பது எம்டி. மறுபடி எண்ணினாங்க. அதேதான்.

எங்க எஸ்.ஐ.க்கு வயசு முப்பத்தொண்ணு. கெட்டவர்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வெயில்ல யாராவது தலை சுத்தி உக்காந்தா தன்னோட தண்ணி பாட்டிலைத் தூக்கிக் குடுப்பாரு. ஆனா கணக்குல ஒண்ணு குறைஞ்சா அவர் வேற ஆளு. "கிடைக்கற வரைக்கும் யாரும் சோறு சாப்பிடப் போறதில்ல"ன்னுட்டாரு. இருபத்தாறு பேரு முழங்கால் போட்டு முள்ளுக்குள்ள தவழறாங்க. காக்கி பேன்ட்டு கிழியுது, கையில ரத்தம். யாரோட கணக்குல குறையுதுன்னு பார்த்தா, தனவேலு.

தனவேலு வீராம்பட்டினத்துக்காரன். அண்ணனுங்க ரெண்டு பேரும் கடலுக்குப் போறவங்க, இவன் ஒருத்தன்தான் அந்த வீட்டுல அரசாங்க உத்தியோகம். லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸ்ல பொண்டாட்டியோட இருந்தான். வேலை இன்னும் நிரந்தரம் ஆகல. போன தடவையும் அவன் எம்டி ஒண்ணு தொலைஞ்சு மெமோ வாங்கியிருந்தான். இன்னொண்ணு தொலைஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு யாரோ சொல்லி வெச்சிருந்தாங்க. அவன் முள்ளுக்குள்ள தேடின தேடலை நான் பார்த்தேன். கண்ணுல தண்ணி வழிய வழிய ரெண்டு கையாலயும் மண்ணை அள்ளி அள்ளிச் சலிக்கிறான்.

மூணு மணி நேரம் கழிச்சு எங்க கிடைச்சுது தெரியுமா? சுடறவங்க நிக்கறதுக்காக கீழ விரிச்சிருந்த படுதாவோட மடிப்புக்குள்ள. காலையிலேருந்து எல்லாரும் அதுமேலதான் நின்னுகிட்டு இருந்தோம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் படுதாவையே கொளுத்தியிருப்பேன். எஸ்.ஐ. கூட்டைக் கையில வாங்கி, துடைச்சு, டப்பாவுல போட்டுட்டு அமைதியா சொன்னாரு:

"தோட்டா செத்தாலும் பொணம் எனக்கு வந்து சேரணும். போங்க, போய்ச் சாப்பிடுங்க."

நான் குடுத்த யோசனை

திரும்பி வரும்போது வேன்ல தனவேலு என் பக்கத்துல உக்காந்தான். முழங்கை ரெண்டும் கீறிக் கெடக்குது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? இருந்திருக்கணும்.

பழைய ஷட்டில் பேட்டுல கொசுவலையைத் தெச்சு, பக்கத்துல ஒருத்தர் பிடிச்சுகிட்டு நின்னு கூட்டை ஏந்தற பழக்கம் எங்க ரேஞ்சுல உண்டு. ஆனா இருக்கறது ரெண்டே வலை, ஒரே நேரத்துல சுடறது எட்டுப் பேரு. அதனால நான் அவன் கிட்ட சொன்னேன், "டேய், வலையை நம்பாத. பிஸ்டலை வலது கையால பிடி. இடது கையை வலது பக்கம் கொண்டு வந்து கிண்ணம் மாதிரி குவிச்சு, ஓட்டைக்கு ஒரு சாண் தள்ளி வெச்சுக்க. கூடு நேரா உன் கையில வந்து விழும். சூடா இருக்கும், ஒரு க்ளவுஸ் மாட்டிக்க." வேன்லயே என் கையை வெச்சுச் செஞ்சும் காட்டினேன். ரெண்டு கையால அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் குடுக்கறதுதான் முறைன்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். பத்தடி தூரத்துல இருக்கற அட்டையைச் சுடறதுக்கு ஒரு கை போதும்னு நெனச்சேன்.

அடுத்த ரேஞ்சுல பத்துக்குப் பத்து எம்டி அவன் கையிலயே இருந்துச்சு. முதல் ஆளா ஒப்படைச்சுட்டு என் கிட்ட ஓடி வந்தான்:

"எங்க ஊரு அம்மனுக்கு அடுத்தபடியா நீங்கதான் பாய்."

பதினேழாம் நம்பர்

ஆறு மாசம் போச்சு. பதினேழாம் நம்பர் பிஸ்டல் என் மேசைக்கு வந்துச்சு. 'எம்டி மாட்டுது'ன்னு சீட்டு ஒட்டியிருந்தாங்க. ஸ்லைடு மூட வரும்போது கூடு பாதி வெளிய, பாதி உள்ள, புகைக்கூண்டு மாதிரி நெட்டுக்குத்தா நின்னுக்குது. அது தனவேலுக்குக் குடுத்திருந்த பிஸ்டல்.

கழட்டினேன். கொக்கியைப் பூதக்கண்ணாடியில பார்த்தேன், முனை மழுங்கல. கொக்கிக்குப் பின்னால இருக்கற ஸ்ப்ரிங்கை மாத்தினேன். தோட்டா உக்கார்ற இடத்தைத் துணியால தேய்ச்சு மினுக்கினேன், சந்தன ஞாபகம் வேற. ரேஞ்சுக்குக் கொண்டுபோய் நானே இருபது சுட்டேன். இருபதும் அழகா வெளிய போச்சு. சரி, முடிஞ்சுதுன்னு குடுத்தேன். அடுத்த வாரம் திரும்ப வந்துச்சு, அதே சீட்டு. பெரிய ஸ்ப்ரிங்கை மாத்தினேன். தோட்டா அடுக்கற மேகசினை மாத்தினேன். தோட்டா பெட்டியையே மாத்திப் பார்த்தேன். நான் சுட்டா ஒழுங்கா வேலை செய்யுது, அவன் சுட்டா மாட்டுது. இரும்புக்கு ஆளைப் பார்த்து மொகம் மாறுமா? ரெண்டு ஞாயித்துக்கிழமை இந்தச் சனியனுக்கே போச்சு. எங்க வீட்டுல பிரியாணி ஆறிப்போய், வீட்டுக்காரி என் கூட பேசறதும் நின்னு போச்சு.

கடைசியில அவனை சுடச் சொல்லிட்டு பக்கத்துல நின்னு பார்த்தேன். துப்பாக்கியைப் பார்க்கல, ஆளைப் பார்த்தேன். ஒரு சாண்னு நான் சொன்னது நாலு வெரக்கடையா சுருங்கியிருந்துச்சு. கூடு உள்ளங்கையில மோதி, திரும்பி ஓட்டைக்கே வந்து, மூடற ஸ்லைடுல சிக்குது. அது மட்டும் இல்ல. ஒத்தைக் கையால தளர்வாப் பிடிச்சா, உதைக்கற உதைக்கு மொத்தத் துப்பாக்கியும் பின்னால போயிடும். ஸ்லைடு முழுசா வராது, கூடும் முழுசா வெளிய போகாது. பிஸ்டல் மேல ஒரு குத்தமும் இல்ல.

அன்னைக்கு நான் என்ன சொல்லியிருக்கணும்? "கையை எடுடா, ரெண்டு கையாலயும் பிடி, எம்டி தொலைஞ்சா தொலையட்டும், நான் வந்து எஸ்.ஐ. கிட்ட சொல்றேன்"னு சொல்லியிருக்கணும். சொல்லல. சொன்னா அவன் மறுபடி முள்ளுக்குள்ள தவழணும், அது எனக்கு ஞாபகம் வந்துச்சு. சிரிச்சுகிட்டே அவன் கையைப் பிடிச்சு ஒரு சாண் நகர்த்தி வெச்சேன். "இங்க வெச்சுக்க, போதும்"னேன். ஒரு தடவை கூட மாட்டல. அவன் பத்து எம்டியையும் எண்ணிப் பார்த்துட்டு சொன்னான்:

"இப்பல்லாம் தூக்கத்துல கூட என் இடது கை தானா குவிஞ்சுக்குது பாய், பொண்டாட்டி சிரிக்கறா."

சொல்தா வீட்டுத் துப்பாக்கி

தேர்தல் வந்தா ஊருல லைசென்சு வெச்சிருக்கறவங்க எல்லாம் துப்பாக்கியை எங்க கிட்ட ஒப்படைக்கணும். அப்படி வந்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவங்களை இங்க அப்படித்தான் சொல்வோம். எண்பதை நெருங்கின மனுஷன், இஸ்திரி போட்ட சட்டை, பாலீஷ் போட்ட ஷூ. ஒரு பழைய சின்ன பிஸ்டலைத் துண்டுல சுத்திக் கொண்டு வந்தாரு. வாங்கிப் பார்த்தேன். ஸ்லைடு அசையல. உள்ள ஒரு காலிக் கூடு மாட்டி, பச்சை பூத்துப் போயிருக்குது. எத்தனை வருஷமா இருக்குதோ.

தேர்தல் முடிஞ்சு அவர் திரும்ப வாங்க வந்தப்ப, "கொஞ்சம் எண்ணெய் விட்டா பத்து நிமிஷத்துல எடுத்துடலாங்க"ன்னேன். என் தொழில் புத்தி. எதுல மாட்டினாலும் எடுத்தாகணும். அவர் அவசரமா கையைத் தடுத்தாரு. வீட்டுல ஒரு நாய் வளர்த்தாராம். பதினோரு வருஷம். வெறி பிடிச்சு, கட்டிப் போட்ட எடத்துல கெடந்து துடிச்சுதாம். வேற வழியில்லாம இவரேதான் சுட்டாராம். அந்தக் கூடுதான் அது. நான் வேற என்ன கேக்கறது? துண்டுல சுத்திக் குடுத்துட்டேன். படியிறங்கும்போது திரும்பி, பிரெஞ்சுல அய்யான்னு கூப்பிடற மாதிரி 'முசியே' போட்டு சொன்னாரு:

"அது உள்ளயே இருக்கட்டும் முசியே, எடுத்துட்டா இது மறுபடியும் சுடும்."

காலையில ஏழே கால்

நான் அங்க இல்ல. வாக்குமூலத்தைப் படிச்சுத்தான் சொல்றேன்.

கொலை வழக்குல தேடிகிட்டிருந்த ஒருத்தன், தென்னந்தோப்பு ஓரமா ஒரு டீக்கடைக்குப் பின்னால இருக்கற மோட்டார் கொட்டாயில ஒளிஞ்சிருக்கான்னு தகவல். எங்க எஸ்.ஐ.யும் தனவேலும் போனாங்க. வண்டி ஓட்டினவர் ரோட்டுலயே நின்னுட்டாரு. கதவைத் தட்டினதும் அவன் வீச்சரிவாளோட பாஞ்சான். முதல் வெட்டு எஸ்.ஐ. தோள்ல. அவர் கீழ விழுந்துட்டாரு. தனவேலு பிஸ்டலை எடுத்துச் சுட்டான். குண்டு செவுத்துல பட்டுச்சு. ரெண்டாவது தடவை அமுக்கினான். ஒண்ணும் ஆகல. கூடு நெட்டுக்குத்தா மாட்டிகிட்டு இருந்துச்சு. பதினேழாம் நம்பர்.

அந்த நேரத்துல அரிவாள் இன்னும் ரெண்டு தடவை இறங்குச்சு. ஒண்ணு எஸ்.ஐ. கழுத்துல. இன்னொண்ணு தனவேலோட இடது கையில, மூணு வெரல் போச்சு. ஓடினவனை மத்தியானமே பிடிச்சுட்டாங்க. எஸ்.ஐ. ஆஸ்பத்திரி போய்ச் சேரல. டீக்கடைக்காரர் எல்லாத்தையும் பத்தடி தூரத்துலேருந்து பார்த்திருக்காரு. அவர் வாக்குமூலத்துல ஒரு வரி. அதை நான் இன்னைக்கு வரைக்கும் மனப்பாடமா வெச்சிருக்கேன்:

"சுடறப்ப அந்தப் போலீசு இடது கையை என்னமோ கொழாயில தண்ணி ஏந்தற மாதிரி குவிச்சு வெச்சிருந்தாரு சார், ஏன்னு எனக்குப் புரியல."

வார்டுல

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல்ல தனவேலு பொண்டாட்டி செல்வி நின்னுகிட்டிருந்தா. "எஸ்.ஐ. அய்யா போனது அவருக்கு இன்னும் தெரியாது. டாக்டரு சொல்ல வேணாம்னுட்டாரு. நீங்களும் சொல்லிடாதீங்க பாய்"னு கையெடுத்துக் கும்பிட்டா.

உள்ள போனேன். இடது கை தலகாணி கணக்கா கட்டுப் போட்டுக் கெடக்குது. முகம் வெளிறிப் போயிருக்குது. பதினேழாம் நம்பர் அதுக்கு முந்தின நாள் சாயந்தரமே சீல் வெச்ச உறையில என் மேசைக்கு வந்துடுச்சு. மாட்டின கூட்டோட. அதைப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன். ஆரஞ்சுப் பையைக் கையில வெச்சுகிட்டு நிக்கறேன். அவன்தான் முதல்ல வாயைத் திறந்தான்.

"பாய், அந்த எம்டி கிடைச்சுதா?"

"கிடைச்சுதுடா. பிஸ்டல்லயே இருந்துச்சு"ன்னேன். அவன் கண்ணை மூடிகிட்டு ஒரு பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சை நான் எந்த மசூதியில போய்ச் சொல்லி அழுவேன்? அப்பறம் கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"அப்ப கணக்கு சரி. எஸ்.ஐ. அய்யா கிட்ட சொல்லிடுங்க பாய், அவர் தோப்புல தேடிகிட்டு இருப்பாரு."

உண்டு, இல்லை

விசாரணைக்கு ஆர்மரர் அறிக்கை குடுக்கணும். அச்சடிச்ச ஃபாரம். 'ஆயுதத்தில் குறைபாடு: உண்டு / இல்லை.' ஒண்ணை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்.

'இல்லை'ன்னு விட்டா, பிஸ்டல் நல்லாத்தான் இருந்துச்சு, பிடிச்சவன்தான் சரியில்லன்னு ஆகும். ஒரு அதிகாரி செத்திருக்காரு. தனவேலு வேலை போறது மட்டும் இல்ல, உயிரைக் காப்பாத்தத் தெரியாத போலீசுன்னு வீராம்பட்டினம் பூரா பேசும். 'உண்டு'ன்னு விடறதுக்கு ஒரே ஒரு நிமிஷ வேலை போதும். சின்ன அரத்தை எடுத்துக் கொக்கி முனையை ரெண்டு இழுப்பு இழுத்தா, தேஞ்ச கொக்கி ஆயிடும். பழி என் மேல வரும், அவன் தப்பிச்சுப்பான். அரத்தை எடுத்துட்டேன். மறைக்க மாட்டேன், கையில எடுத்துட்டேன். ஆனா கொக்கி மேல வெக்கும்போது ஒண்ணு தோணுச்சு. பழியை இந்தக் கொக்கி ஏத்துகிட்டா, நாளைக்கு ரேஞ்சுல இன்னொருத்தன் கையைக் குவிப்பான். அரத்தை டிராயர்ல போட்டுட்டேன்.

'இல்லை'ன்னே எழுதினேன். கூடவே தனித்தாள்ல ஒரு பக்கம் எழுதினேன். முள்ளு, படுதா, வேன், ஒரு சாண், பதினேழாம் நம்பரை அவன் பிடிச்ச பிடியை நான் எதனால சரி பண்ணாம விட்டேங்கறது, எல்லாத்தையும். 'இந்தப் பழக்கத்தைச் சொல்லிக் குடுத்தவன் நான். எம்டிக்குப் பயந்துதான் சொல்லிக் குடுத்தேன்'னு எழுதி, கீழ முழுப் பேரும் போட்டேன். விசாரணை அதிகாரி வேற ஊருலேருந்து வந்தவர், மரியாதையானவர்தான். ரெண்டு தடவை படிச்சாரு. அந்தத் தாளை மட்டும் உருவி என் பக்கம் நகர்த்தினாரு. நான் எடுக்கல. "இது இல்லாம ஃபாரத்துல கையெழுத்துப் போட மாட்டேங்க"ன்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு, நிஜமாவே எனக்காக வருத்தப்பட்ட மாதிரி சொன்னாரு:

"இந்த ஃபாரத்துல உங்களைப் பத்தி யாருமே கேக்கலியே பாய்."

வாசல் டூட்டி

தாளை பின் பண்ணிட்டாங்க. அதுக்கப்பறம் நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். தனவேலு வேலை போகல. எழுத்து வேலைக்கு மாத்தினாங்க. எஸ்.ஐ. போன சேதி அவனுக்கு நாலாம் நாள் பேப்பர் பார்த்துத்தான் தெரிஞ்சுது. அன்னைக்கு அவன் கத்தின கத்தலை செல்வி என் கிட்ட சொன்னா, நான் உங்க கிட்ட சொல்லப் போறதில்ல. என்னைக் கிடங்குலேருந்து எடுத்து வாசல்ல நிக்க வெச்சுட்டாங்க. வர்ற வண்டி நம்பரை எழுதறேன். எனக்கு இதுல மனக்குறை இல்ல. எஸ்.ஐ. வீட்டுக்கு ஒரு தடவை போனேன், அவங்க அம்மா டீ குடுத்தாங்க. ஒண்ணும் சொல்ல முடியாம குடிச்சுட்டு வந்துட்டேன். அதுதான் குறை.

அந்தத் தாளைப் படிச்சுட்டு ஏதாவது மாத்துவாங்கன்னு நெனச்சேன். ரேஞ்சுல எம்டி குறைஞ்சாலும் பரவாயில்லன்னு ஒரு உத்தரவு வரும்னு பார்த்துகிட்டே இருந்தேன். போன வாரம் ரேஞ்சு முடிஞ்சு வேன் வாசலுக்கு வந்துச்சு, மூணு மணி நேரம் லேட்டு. காக்கி பேன்ட்டெல்லாம் முழங்கால்ல செம்மண். கடைசியா தனவேலு இறங்கினான், கணக்கு எழுதறதுக்காக அவனையும் இட்டுகிட்டுப் போயிருந்தாங்க. வலது கையில நோட்டு. இடது கையில மிச்சம் இருக்கற கட்டை வெரல்லயும் ஆள்காட்டி வெரல்லயும் முள்ளு கீறி ரத்தம்.

"நீயுமாடா தேடின?"ன்னு கேட்டேன். என் குரல் எனக்கே புடிக்கல, அவ்வளவு கோபம். யாரு மேலன்னு கேட்டா சொல்லத் தெரியாது. அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான். முன்ன மாதிரியே சிரிப்பு.

"பொறுக்கறதுக்கு ரெண்டு வெரல் போதும் பாய்."

ஒன்பது எம்.எம். பிஸ்டல்ல கூடு மாட்டினா ரெண்டு நிமிஷத்துல எடுத்துடுவேன். நான் சொல்லிக் குடுத்து அவனுக்குள்ள மாட்டினதை எடுக்கத்தான் இந்த ஆர்மரர் கிட்ட கொக்கி இல்ல.